அப்பாவின் விரலும் ஒரு சொட்டு ரத்தமும்

செம்பூரில் ஒரு பரிசோதனைக் கூடத்தில் எனக்கு வேலை. வீட்டிலேயே ரத்தத்தில் சுகர் பார்க்கும் மெஷின்கள் சரியான எண்ணைத்தான் காட்டுகின்றனவா என்று பார்த்துச் சொல்ல வேண்டும். குளிரில் வைப்போம், சூட்டில் வைப்போம், மேஜையிலிருந்து கீழே போடுவோம். சாமானைக் கீழே போடுவதற்கென்றே உத்தியோகம் பார்க்கிறவள் நம் குடும்பத்தில் இவள் ஒருத்திதான் என்பாள் அம்மா.

அப்பாவுக்குத் தாராவியில் கடலை மிட்டாய்ப் பட்டறை; அம்மாவும் அங்கே கூடமாட வேலை செய்வாள். அவருக்குச் சுகர் வந்தபோது, என் கையால் சோதித்துத் தேறிய மெஷினையே வாங்கிக் கொடுத்தேன். ஒரு ஞாயிற்றுக்கிழமை, குளித்துவிட்டு வந்து உட்கார்ந்தவரின் விரலைக் குத்தி, ஒரு சொட்டு ரத்தத்தை மெஷினில் செருகிய ஸ்ட்ரிப்பில் தொட்டுக் காட்டினேன்.

"இம்புட்டுதானா?"

"இம்புட்டுதான்ப்பா."

அதன்பின் வேலை நாட்களில் பதினோரு மணிக்குப் பட்டறையிலேயே பார்த்து, டாக்டருக்காக எழுதி வைத்தார். எண் முந்நூறுக்குக் கீழே வரவே இல்லை. டாக்டர் இன்சுலின் ஊசியின் அளவை ஏற்றினார். அப்படியும் இறங்காததால் மறுபடியும் ஏற்றினார்.

"திருட்டுத்தனமா மிட்டாய் திங்கீய" என்று அம்மா பிடித்துக்கொண்டாள். நானும் சேர்ந்துகொண்டேன்.

"ஒரு துண்டு வாயில வச்சிருந்தேன்னா என் கை வெளங்காமப் போவும்" என்றார் அப்பா. நாங்கள் நம்பவில்லை.

ஒரு செவ்வாய்க்கிழமை காலையில், பட்டறையில் அவருக்கு வியர்த்துக் கொட்டி, நாக்குக் குழறி, அப்படியே சாய்ந்துவிட்டார். அம்மா என்ன நினைத்தாளோ, ஆறிப்போன வெல்லப் பாகை விரலால் வழித்து அவர் கன்னத்துக்குள் தடவினாள். கொஞ்ச நேரத்தில் கண்ணைத் திறந்தவர், "அடுப்ப அணைச்சியா?" என்று கேட்டார். சுகர் கூடவில்லை, மோசமாக இறங்கிவிட்டது என்றார்கள் ஆஸ்பத்திரியில்.

எனக்கு வந்த ஆத்திரத்துக்கு மெஷினைப் பிடுங்கிக்கொண்டு போய் மூன்று நாள் வறுத்தெடுத்தேன். எல்லாச் சோதனையிலும் தேறியது. சனியன், குற்றம் சொல்ல ஒன்றுமில்லை.

அப்பா பட்டறைக்குத் திரும்பிய அன்று, பதினோரு மணிக்கு அங்கே போய் நின்றேன். "எப்பவும் போலப் பாருங்கப்பா."

பாகும் கடலையுமாகத் தட்டில் பரப்பிக்கொண்டிருந்தவர், விரலை லுங்கியில் ஒரு துடைப்புத் துடைத்தார். குத்தினார். முந்நூற்றுப் பத்து. சோப்புப் போட்டுக் கையைக் கழுவச் சொல்லி, துடைத்துவிட்டு, நானே குத்தினேன். நூற்று நாற்பது.

அப்பா மெஷினை வாங்கித் திருப்பிப் பார்த்தார். "அப்ப இத்தன நாளா டாக்டர் யாருக்கு ஊசிய ஏத்துனாரு?"

"வெல்லத்துக்கு."

"அவுக மிட்டாயத் தொடலன்னு எனக்கு அப்பமே தெரியும்" என்றாள் அம்மா, கூசாமல்.

டாக்டருக்குப் போன் போட்டு விஷயத்தைச் சொன்னேன். உடனே கூட்டி வரச் சொன்னார். செருப்பை மாட்டும்போதுதான் எனக்கு உறைத்தது. கையைக் கழுவித் துடைக்கவும் என்பது எங்கள் சோதனைத் தாளின் முதல் வரி. வாரத்தில் ஆறு நாள் பாகில் கை வைக்கிற மனிதரிடம் அதை நான் சொல்லவே இல்லை. நான் சொல்லிக் கொடுத்தது ஞாயிற்றுக்கிழமை. பட்டறைக்கு லீவு. விரல் சுத்தமாக இருந்தது. அவருக்குத் திருட்டுப் பட்டம் வேறு கட்டினேன். பாவி, அப்பாவைக் கொல்லப் பார்த்திருக்கிறேன்.

"மிசினு நல்லாத்தான இருக்கு?" என்றார் அப்பா.

"நல்லாத்தான் இருக்குப்பா."

"பொறவு எதுக்குட்டி அழுத?"