இரண்டு மிஸ்டு கால்

சங்கரன்கோவிலில் வீட்டு மாடியில் உட்கார்ந்து ஆப்பரேட்டிங் சிஸ்டத்தின் உட்கருவான கெர்னலுக்கு நிரல் எழுதுவது என் பிழைப்பு. போன மாதம் ஒரு பிழை என் உயிரை எடுத்தது. ஒரு சாதனம் அணைந்திருக்கிறதா என்று என் நிரல் பார்க்கும். அணைந்திருந்தால் நிலையைத் தலைகீழாக மாற்றும்: அணைந்தது ஓடும், ஓடுவது அணையும். பார்ப்பதற்கும் மாற்றுவதற்கும் நடுவே இன்டரப்ட் என்கிற அவசர அழைப்பு புகுந்து, தானே அதைப் போட்டுவிட்டுப் போய்விடும். அது தெரியாத என் நிரல், ஓடுவதை அணைத்துவிடும். எப்போதாவதுதான் நடக்கும், சனியன்.

அன்று சாயங்காலம் பனவடலிசத்திரம் தோட்டத்திலிருந்து அண்ணன் கூப்பிட்டான்.

"ஏலே, மோட்டார் ஓடவே இல்ல. கரண்டு வந்துட்டுன்னு மெசேஜ் பாத்ததும் மிஸ்டு கால் கொடுத்தேம்லா?"

எங்கள் மோட்டாரில் ஒரு சிம் உண்டு. ஒரு மிஸ்டு கால் கொடுத்தால் ஓடும், இன்னொன்று கொடுத்தால் நின்றுவிடும். மெசேஜ் இருவருக்கும் வரும்.

"நானும் கொடுத்தேனே," என்றேன். சிரிப்பு பொத்துக்கொண்டு வந்தது.

"மொளகாச் செடி வாடுது, ஒனக்கு என்னலே சிரிப்பு?"

அன்றைக்கே நிரலைத் திருத்தினேன். மாற்றும்போது அல்ல, பார்ப்பதற்கு முன்பே இன்டரப்டை நிறுத்தி, மாற்றியதும் திறந்துவிட்டேன். பிழை ஒழிந்தது. அந்தத் தெம்பில் அண்ணனுக்கும் ஒரு சட்டம் போட்டேன்: மோட்டாரைப் போடுமுன் ஒருவர் மற்றவருக்குப் போன் செய்து சொல்லிவிட வேண்டும்.

மறுநாள் மெசேஜ் வந்ததும் அவனைக் கூப்பிட்டேன். பிஸி. மறுபடியும் பிஸி. எரிச்சலோடு கூப்பிட்டுக்கொண்டே இருந்தேன். ஒருவழியாகக் கிடைத்ததும் அவன்தான் முந்திக்கொண்டு கத்தினான்.

"அப்பம் புடிச்சு ஒனக்குத்தாம்லே அடிச்சிட்டு இருக்கேன், யார்கிட்டலே பேசிட்டுக் கெடக்க?"