பொயிலர்த் தம்பியும் எங்கட வீட்டுச் சுடுதண்ணியும்

பொயிலர்த் தம்பியின்ர கையில எப்பவும் ஒரு பிளாஸ்டிக் கோப்பை இருக்கும். பால் அளக்கிற கோப்பை மாதிரித்தான், ஆனா பக்கத்தில மேலயிருந்து கீழ வரைக்கும் ஒரு வெட்டு. அதைப் பைப்புக்குக் கீழ பிடிச்சா, வெட்டால தண்ணி வழிஞ்சுகொண்டே இருக்கும். உள்ளுக்குத் தண்ணி எந்த உயரத்தில நிக்குது எண்டு குனிஞ்சு பாப்பார். ஒரு நிமிசத்துக்கு எவ்வளவு தண்ணி வருதெண்டு அதில விளங்குமாம். முதல் முதல் கண்ட நேரம், "என்ன தம்பி, ஓட்டைக் கோப்பையோட வேலைக்கு வந்திருக்கிறியள்?" எண்டு கேட்டுச் சிரிச்சனான். அவர் சிரிக்கேல்லை. அளக்கிற நேரம் அவர் ஆரோடயும் கதைக்கவும் மாட்டார்.

பொயிலர்த் தம்பி எண்டுதான் நாங்கள் எல்லாரும் அவரைச் சொல்லுறது. ஆளுக்கு அப்பவே நாப்பது தாண்டியிருக்கும். ஜேர்மனியில கனகாலம் சுடுதண்ணிப் பொயிலர் பூட்டுற வேலை செய்து, பேந்து லண்டனுக்கு வந்து, இஞ்சத்தைய காஸ் வேலைச் சோதினையும் எழுதிப் பாஸ் பண்ணினவர். மனிசியும் பிள்ளையளும் அப்ப இன்னும் அங்கதான். இஞ்ச ஒழுங்கா வேலை வரத் துடங்கினாத்தான் அவையைக் கூப்பிடலாம் எண்டு என்ர மகனோட கதைச்சது எனக்கும் கேட்டது. எங்கட ஆக்களுக்குள்ள வேலை எப்பிடி வாறது? வாயாலதான் வாறது. கோயிலில ஒரு மனிசி "நல்ல வேலைகாரன்" எண்டு சொன்னாக் காணும், எங்கட கிங்ஸ்பரிப் பக்கம் பத்து வீட்டுக் கதவு திறக்கும். அதே மனிசி முகத்தைச் சுழிச்சாலும் காணும், பத்துக் கதவும் சாத்துப்படும்.

எங்கட வீட்டில முந்தி மேல அறைக்குள்ள ஒரு பெரிய தண்ணித் தாங்கி இருந்தது. மகன் அதைக் கழட்டி எறிஞ்சுபோட்டுக் கொம்பி பொயிலர் எண்டு இந்தத் தம்பியைக் கொண்டு பூட்டுவிச்சவன். குசினிச் சுவரில ஒரு வெள்ளைப் பெட்டி, அவ்வளவுதான். சேத்து வைச்ச தண்ணி இல்லை, பைப்பைத் திறந்தா ஓட ஓடச் சூடாக்கித் தரும். தாங்கி இருந்த இடத்தில நான் இப்ப அரிசி மூட்டையும் மிளகாய்த்தூள் வாளியும் வைச்சிருக்கிறன். மிளகாய்த்தூள் இப்பவும் அப்டன் பார்க் கடையளில இருந்துதான் எடுப்பிக்கிறன், இஞ்சத்தையான் சும்மா நிறம் மட்டும். சரி, அதை விடுவம்.

ரெண்டு கிழமை நல்லா ஓடிச்சுது. பேந்து ஒரு சனிக்கிழமை எங்கட அவர் தலையில நல்லெண்ணெய் தப்பிக்கொண்டு ஷவருக்குள்ள போனார். கொஞ்ச நேரத்தில ஒரு சத்தம். "இஞ்சரும், என்னை அவிக்கப் போறீரோ?" நான் படி ஏறிப் போறதுக்குள்ள மற்றச் சத்தம், "ஐயோ, ஐஸ்!" அவிக்கிறதும் விறைக்கிறதுமா மாறி மாறி நடக்குது. எண்ணெய் போகாமலே மனிசன் துவாயைச் சுத்திக்கொண்டு வெளியில வந்திட்டார். அதுக்குப் பிறகு ஷவர் எண்டாலே ஆளுக்குப் பயம். துணியை நனைச்சு உடம்பைத் துடைச்சுப்போட்டுக் குளிச்சிட்டன் எண்டு சொல்லுவார். நான் மணத்திலயே கண்டுபிடிச்சிடுவன்.

மகன் போன் அடிச்சான். தம்பி அடுத்த நாளே வந்தார். கோப்பையைப் பிடிச்சார், அளவு சரி. சூடு பாக்கிற கருவியைத் தண்ணிக்குள்ள விட்டார், அதுவும் சரி. அரை மணித்தியாலம் ஷவரைத் திறந்துவிட்டு நிண்டார், ஒரு குறையும் இல்லை. "அம்மா, நல்லாத்தானே வருது" எண்டார். அவர் போய் ரெண்டு நாளில திருப்பியும் அதே கூத்து. ரெண்டாந்தரம் வந்து பெட்டியைக் கழட்டி, உள்ளுக்க ஒரு சாமானை மாத்தி, இன்னொண்டைக் கழுவிப் பூட்டினார். அண்டைக்கும் தண்ணி தங்கம் மாதிரி வந்தது. அவர் போக, அதே கூத்து.

எனக்கு வாய் சும்மா கிடக்காது. வெள்ளிக்கிழமை கோயிலில சோத்துக்கு வரிசையில நிக்கேக்க, "பொயிலர்த் தம்பி பூட்டின பொயிலர் மனிசரை அவிச்சுப்போட்டுப் பேந்து ஐஸில வைக்குது" எண்டு சொல்லிப்போட்டன். எல்லாரும் விழுந்து விழுந்து சிரிச்சினம். எனக்குப் புளுகம் தாங்கேல்லை. எங்கட அவர் துவாயோட நிண்ட நிலையையும் நடிச்சுக் காட்டினன்.

அடுத்த புதன், மத்தியானம் பெல் அடிக்குது. திறந்தா பொயிலர்த் தம்பி. ஒருத்தரும் கூப்பிடேல்லை.

"அம்மா, பக்கத்துத் தெருவில இண்டைக்கு ஒரு பொயிலர் பூட்ட இருந்தது. வாசலில வைச்சே வேண்டாம் எண்டிட்டினம். முந்தநாளும் ஒரு வீடு அப்பிடித்தான். நான் பூட்டின ஒண்டு ஆக்களை அவிக்குதாம், கோயிலில கதையாம். நான் பூட்டினதில குறை இருக்கிறது இந்த வீடு ஒண்டுதான். அதுதான் கேக்காமலே வந்திட்டன்."

ஆர் சொன்னதெண்டு அவர் கேக்கேல்லை. அவருக்குத் தெரியும் எண்டுதான் நினைக்கிறன். நான் தேத்தண்ணி போடக் கேத்திலைத் தூக்கிக்கொண்டு ஓடினன். அதுக்குள்ள அவர் சட்டி கழுவுற சிங்கில கோப்பையைப் பிடிச்சிட்டார். தண்ணி அடியில கிடந்து ஊருது. ஒருக்காக் கோப்பையைப் பாத்தார், ஒருக்கா என்னைப் பாத்தார். பேந்து முழங்காலில இருந்து சிங்குக்குக் கீழ கிடந்த என்ர சவுக்காரம், பழைய துணி, பொலித்தீன் பை எல்லாத்தையும் ஒவ்வொண்டா எடுத்து வெளியில வைச்சார். அங்க உள்ளுக்குத்தான் வீட்டுக்குத் தண்ணி வாற பெரிய திருகு இருக்கு.

"இதை ஆர் திருகினது?"

"நான்தான் தம்பி. நீங்கள் முழுக்கத் திறந்துவிட்ட நாளில இருந்து இந்தப் பைப் சீறிக்கொண்டு வருது. சட்டி கழுவினா என்ர சீலையெல்லாம் ஈரம். ரெண்டு கிழமை பொறுத்துப் பாத்திட்டு அரைவாசி இறுக்கிப்போட்டன். இது குசினிப் பைப்தானே, மேல ஷவருக்கும் இதுக்கும் என்ன?"

"எல்லாத் தண்ணியும் இதாலதான் வாறது. தண்ணி காணாட்டி பொயிலர் அந்தக் கொஞ்சத்தைக் கொதிக்கவைச்சிடும். கொதிச்சாத் தானாவே நெருப்பை நூத்துப்போடும். ஆறினாப் பிறகு திருப்பி மூட்டும். அதுதான் ஐயா அவிஞ்சும் விறைச்சும் நிண்டவர்." பேந்து யோசிச்சார். "அப்ப நான் வந்த ரெண்டு தரமும் தண்ணி எப்பிடிச் சரியா வந்தது?"

"நீங்கள் வாறியள் எண்டு மகன் சொன்னவன். வீட்டுக்கு வாற ஆளுக்குத் தேத்தண்ணி போடக் கேத்தில் கெதியா நிரம்ப வேண்டாமே? அதுதான் நீங்கள் வரமுதல் திறந்துவிட்டனான். போனாப் பிறகு இறுக்கிறது."

மனிசன் அப்பிடியே நிலத்தில இருந்திட்டார். அவர் சிரிச்சதை அண்டைக்குத்தான் கண்டன். கண்ணால தண்ணி வரச் சிரிச்சார். "உங்கட தேத்தண்ணியாலதான் அம்மா என்ர பேர் கெட்டது" எண்டார்.

பேந்து அந்தத் திருகில கட்டியிருந்த மட்டைத் துண்டைத் தூக்கிக் காட்டினார். "எங்கட வயசு போன ஆக்களுக்கெண்டு தமிழில எழுதிக் கட்டினனான். இதைத் திருகாதேங்கோ எண்டு. காணேல்லையோ?"

கண்டனான். அது கம்பனிக்காரற்ற அடையாளமாக்கும் எண்டு நினைச்சிருந்தன். "எனக்கு எழுத்து வாசிக்கத் தெரியாது தம்பி" எண்டன். அவர் மட்டையைத் திருப்பி, மற்றப் பக்கத்தில ஒரு கையைப் படமாக் கீறி, அதுக்கு மேல குறுக்கால ரெண்டு கோடு இழுத்துக் கட்டிவிட்டார். சீலை நனையாம இருக்கக் குசினிப் பைப்புக்கு மட்டும் போற சின்னத் திருகைக் கொஞ்சம் இறுக்கினார். எங்கட அவர் அண்டைக்குப் பின்னேரம் ஒரு மணித்தியாலம் குளிச்சார். பாட்டும் கேட்டது.

ஆனா பொயிலர் திருந்தினாக் காணுமோ? வெள்ளிக்கிழமை கோயிலுக்குப் போய், அதே வரிசையில நிண்டு, பிழை பொயிலரில இல்லை, நான்தான் திருகினனான் எண்டு எல்லாருக்கும் கேக்கச் சொன்னன். சோறு போடுற அக்கா விடேல்லை.

"அதுக்கென்ன, அதைத் தொடாதேங்கோ எண்டு பூட்டினவன் சொல்லியிருக்க வேணுமே! சொல்லாதது அவன்ர பிழைதானே?"

ஓமெண்டு தலையாட்டிப்போட்டுச் சோத்தை வாங்கிக்கொண்டு போயிருக்கலாம். எனக்கு எழுத்துத் தெரியாதது மகனுக்கும் எங்கட அவருக்கும் தெரிஞ்சதுதான், ஆனா கோயிலில ஒருத்தருக்கும் தெரியாது. அத்தனை வருசமா ஒருத்தரும் கேக்கேல்லை, நானும் சொல்லேல்லை. ஆனா அந்த மனிசன்ர குடும்பம் ஜேர்மனியில கிடக்குது.

"அவர் சொன்னவர். தமிழில எழுதியே கட்டினவர். எனக்குத்தான் வாசிக்கத் தெரியாது."

அக்காவின்ர கரண்டி அந்தரத்தில நிண்டது. "அப்ப பஜனையில புத்தகத்தை விரிச்சு வைச்சுக்கொண்டு இருக்கிறனீங்கள்?"

"நீங்கள் எல்லாரும் விரிச்சியள், நானும் விரிச்சன். பாட்டு எனக்குப் பாடம்."

பேந்து அக்கா சிரிச்சா, பின்னால நிண்டவையும் சிரிச்சினம். வெக்கமாத்தான் இருந்தது, ஆனா நினைச்ச அளவுக்கு இல்லை. இப்ப தம்பி பார்க்கிங் எண்ட ஊரில மனிசி பிள்ளையளோட இருக்கிறார், ரெண்டு வான் ஓடுது. அதெல்லாம் பிறகு நடந்தது. அண்டைக்கு நடந்தது இவ்வளவுதான்: அக்கா, தன்ர வீட்டுப் பொயிலரும் பழசு, மகனைக் கொண்டு அவற்ற நம்பரை அனுப்புங்கோ எண்டா.

"மகன் ஏன்?" எண்டன். எழுதி வைக்க ஏலாத ஆள் எல்லாத்தையும் மண்டைக்குள்ளதான் வைக்க வேணும். சோத்துக் கோப்பையைக் கையில பிடிச்சுக்கொண்டு, தம்பியின்ர நம்பரைப் பூச்சியத்தில துடங்கிச் சொன்னன். அக்கா கரண்டியை வைச்சிட்டுப் போனை எடுத்தா. வரிசையில நிண்ட மற்றவையும் எடுத்தினம். "கொஞ்சம் ஆறுதலாச் சொல்லுங்கோ அம்மா, நாங்கள் எழுதவெல்லோ வேணும்" எண்டாள் ஒருத்தி. நான் திருப்பியும் முதலில இருந்து சொன்னன்.