பிமல் எழுதிய ஹோட்டல் பாட்டு

போன செவ்வாய்க்கிழமை ஒரு கவிஞருக்குத் துரோகம் செய்தேன். அவருடைய பாட்டை எடுத்து, பல்லைப் பிடுங்கி, பவுடர் பூசி அனுப்பினேன். நல்ல எண்ணத்தில்தான்!

கவிஞர் பெயர் பிமல். வங்காளத்துக்காரர். நல்லம்பள்ளி தாண்டி நான் வழக்கமாக மதியம் சாப்பிடும் ஹோட்டலில் பரோட்டா மாஸ்டர். ஊரில் இருந்தபோது நையாண்டிக் கட்டுரை, பாட்டு என்று எழுதித் தள்ளியவர். திருவிழா மேடையில் ஊர்த்தலைவரைக் கிண்டலடித்து ஒரு பாட்டு... அடுத்த வாரமே குடும்பத்தோடு ரயிலேற வேண்டியதாகிவிட்டது.

நானும் பல வருஷமாக இந்தப் பக்கத்தில் நக்கல் எழுதுகிறேன். ஒருத்தராவது என்னை பஸ் ஸ்டாண்ட் வரைக்கும் துரத்தியிருப்பாரா? பொறாமையாக இருக்காதா, சொல்லுங்கள்!

பக்கத்தில் பெரிய கட்டட வேலை நடக்கிறது. அங்கே இருக்கும் வங்காளத் தொழிலாளர்களை இழுக்க, பிமலைக் கொண்டு அவர்கள் பாஷையில் ஒரு விளம்பரப் பாட்டு எழுத வைத்தார் முதலாளி. பிமலே பாடினார். ஆட்டோவில் மைக் கட்டி, கட்டட வேலை நடக்கும் இடத்து வாசலில் ஓடவிட்டார்கள். கூட்டம் அள்ளியது! வந்தவர்கள் சாம்பார் வாளியைப் பார்த்ததுமே குலுங்கிக் குலுங்கிச் சிரித்தார்கள். முதலாளிக்குத் தலைகால் புரியவில்லை. அதையே தமிழிலும் போட வேண்டும், நான்தான் எழுதித் தர வேண்டும் என்று பிடித்துக்கொண்டார்.

அர்த்தம் கேட்க அடுப்படிக்குப் போனேன். பிமல் அக்கம்பக்கம் பார்த்துவிட்டு, தாழ்ந்த குரலில் வரிவரியாகச் சொன்னார். சாம்பாரில் பருப்பைத் தேடி இறங்கியவன் இன்னும் கரையேறவில்லையாம். பரோட்டாவைக் கிழிக்க ரெண்டு பேர் வேண்டுமாம், ஒருவர் காலை ஊன்றிப் பிடிக்க, மற்றவர் இழுக்க. ஊருக்கே சோறு போடும் முதலாளிக்கு மட்டும் மதியம் வீட்டிலிருந்து கேரியர் வந்துவிடுமாம்...

அடப்பாவி மனுஷா! எனக்குச் சிரிப்பு ஒரு பக்கம், பயம் ஒரு பக்கம்.

"மாத்தி எழுதிக் குடுத்துடுங்க சார்," என்றார் பிமல். "பொண்ணு இங்க எட்டாவது படிக்குது. இன்னொரு தடவ ஊர் மாற முடியாதுங்க."

அந்தப் பெண்ணுக்காகத்தான் துரோகம். கைமணம், தாயன்பு, இலை நிறைய விருந்து என்று எட்டு வரி எழுதிப் படித்துக் காட்டினேன். முதலாளி கல்லாவில் உட்கார்ந்து சாப்பிட்டுக்கொண்டிருந்தார். முகம் சுருங்கியது.

"இதுல சிரிக்க என்னங்க இருக்குது? அவனுங்க வுழுந்து வுழுந்து சிரிக்கறானுங்க."

மொழிபெயர்ப்பில் நகைச்சுவை தேய்ந்துவிடும் என்று ஏதோ உளறினேன். பக்கத்தில் நின்ற பிமலின் முகத்தைப் பார்க்க வேண்டுமே! தன் பாட்டு இவ்வளவு சப்பையா என்று ஒருவர் நினைப்பதை அவரால் தாங்க முடியவில்லை. பள்ளிக்கூடம், பெண், ரயில் எல்லாம் மறந்துபோய், உண்மையான அர்த்தத்தைத் தனக்குத் தெரிந்த தமிழில் கடகடவென்று சொல்லிவிட்டார். பருப்பு, பரோட்டா, கேரியர்... ஒன்றும் பாக்கியில்லை.

முதலாளி கையிலிருந்த கவளத்தைக் கீழே வைத்தார். அப்புறம் வெடித்தார் பாருங்கள் ஒரு சிரிப்பு! கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது.

"எதுத்த கடைக்காரனை இந்த வாரு வாரியிருக்கானே!" என்று சொல்லிவிட்டு, முன்னால் இருந்த வீட்டு கேரியரில் அடுத்த அடுக்கைத் திறந்தார்.

தப்பித்தோம் என்று பிமலை அடுப்படிக்குத் தள்ளிக்கொண்டு போனேன். வேலை பத்திரம், பெண்ணின் படிப்பு பத்திரம், இனிமேல் வாயை மூடிக்கொண்டு மாவைப் பிசையுங்கள் என்றேன். மனுஷன் முகம் தொங்கிப்போயிருந்தது. மாவை ஓங்கி ஓங்கி அடித்துக்கொண்டே இருந்தார்.

"அடுத்த பாட்டுல முதலாளி பேரையே போட்டுடறேன் சார்," என்றார்.

கையெடுத்துக் கும்பிட்டேன். கேட்பதாகத் தெரியவில்லை. எழுதுகிறவன் வேலை போனால்கூடப் பொறுத்துக்கொள்வான் போலிருக்கிறது, குத்தியது உறைக்காமல் போனால் பொறுக்க மாட்டான்.

முதலாளி பெயரையும் கடைப் பெயரையும் நான் ஏன் போடவில்லை என்கிறீர்களா? நாளை மதியமும் எனக்கு அங்கேதானே சாப்பாடு!