காது டெஸ்ட் நாள்

பெங்களூரு பீன்யாவில் பதினான்கு பேர் வேலை செய்யும் ஒரு சின்னத் தொழிற்சாலையில் அலுவலக வேலை முழுக்க என் பொறுப்பு. தகடுகளை அழுத்தி மோட்டார் பாகங்கள் செய்கிறோம். தனக்குச் சர்க்கரை என்று தெரிந்த வாரமே எங்கள் முதலாளி எல்லாருடைய உடம்பையும் கவனித்தாக வேண்டும் என்று முடிவெடுத்தார். பெரிய கம்பெனிகள் செய்வதை நாம் ஏன் செய்யக்கூடாது என்று கன்னடத்தில் கேட்டார். முதலில் யோகா ஆசிரியர் ஒருவர் வந்தார். நாள் முழுக்க நின்றே வேலை பார்த்தவர்களை ஒற்றைக்காலில் நிற்கச் சொன்னார். இரண்டாவது வாரம் நானும் முதலாளியும் மட்டும்தான் நின்றோம்.

என்ன தொந்தரவு என்று அவர்களையே கேட்கலாமே என்று முதலாளியிடம் சொன்னேன். ஒவ்வொருவராகக் கேட்டேன். முழங்கால் என்றார்கள், இடுப்பு என்றார்கள். மூன்று பேர் வீட்டுக்குப் போன பிறகும் காதில் இரைச்சல் நிற்பதில்லை என்றார்கள். காதிலிருந்தே தொடங்கலாம் என்று முதலாளி சொல்லிவிட்டார்.

பிரஸ் மெஷின் ஓட்டும் கிருஷ்ணகிரிக்கார அண்ணன் மட்டும் தனக்கு ஒன்றுமில்லை என்றார். அவர்மேல் எனக்கு ஒரு மனத்தாங்கல் உண்டு. காலையில் வணக்கம் சொன்னால் சில நாள் மலர்ந்து சிரிப்பார், சில நாள் திரும்பிக்கூடப் பார்க்காமல் போவார். பொம்பளைதானே என்ற அலட்சியம் என்று இரண்டு வருஷமாக நினைத்துக்கொண்டிருந்தேன்.

காது பரிசோதிக்கும் பெண் ஒரு சனிக்கிழமை வந்தார். மெஷின்களை நிறுத்திவிட்டு ஆட்களை ஒவ்வொருவராக என் அறையில் உட்காரவைத்தோம். ஹெட்போனில் சத்தம் கேட்டதும் கையைத் தூக்க வேண்டும். வலது காதுக்கு அண்ணன் சரியாகத் தூக்கினார். இடது காதுக்கு மாற்றியதும் கை மடியிலேயே இருந்தது. அந்தப் பெண் சத்தத்தைக் கூட்டிக்கொண்டே போனார். கடைசியில் ஹெட்போனைத் தாண்டி, மேஜைக்கு இந்தப்பக்கம் இருந்த எனக்கே லேசாகக் கேட்டது.

அண்ணன் என்னைப் பார்த்துச் சிரித்தார். "இன்னும் ஆரம்பிக்கலியா மேடம்?"

அந்தப் பெண் ஹெட்போனைக் கழற்றினார். எழுந்து அவருடைய வலப்பக்கம் போய் உட்கார்ந்து விஷயத்தைச் சொன்னேன். நான் அவரைத் தப்பாக நினைத்ததையும் சேர்த்துச் சொல்லிவிட்டேன். கொஞ்ச நேரம் இடது காதைத் தடவிக்கொண்டிருந்தார்.

"நீங்க பரவால்ல மேடம். என் சம்சாரம், நான் வேணும்னே காதுல வாங்காம இருக்கேன்னு பத்து வருஷமா சண்டை. அவளுக்கு ஒரு போன் போட்டுச் சொல்லுங்களேன். நான் சொன்னா நம்ப மாட்டா."

போட்டேன். அந்த அம்மா முழுக்கக் கேட்டுக்கொண்டார். பிறகு மெதுவாக, "அப்ப நான் எந்தப் பக்கமா நின்னு பேசணும்?" என்றார்.

முதலாளி அதற்குப் பிறகு யாரையும் காதுக்கவசம் இல்லாமல் மெஷின் பக்கம் விடுவதில்லை. அண்ணனைப் பிரஸ்ஸிலிருந்து பாகங்களைச் சரிபார்க்கும் மேஜைக்கு மாற்றினார். உட்கார்ந்து பார்க்கிற வேலையெல்லாம் ஒரு வேலையா என்று அண்ணன் ஒரு மாதம் முணுமுணுத்தார். ஆஸ்பத்திரிக்கு நாலைந்து தடவை அலைந்து இடது காதுக்கு மெஷின் வாங்கியாயிற்று. மதியச் சாப்பாட்டில் இப்போது அதிகம் பேசுவது அவர்தான். ஊர்க் கதை ஆரம்பித்தால் எங்கள் தட்டு காலியான பிறகும் முடிவதில்லை. எச்சில் கை காய உட்கார்ந்து கேட்போம்.