உங்க லைன்லயே ஒருத்தர்

நீங்கள் செய்தது தப்பு, மேனேஜர் சார். நோயிலிருந்து தேறி வந்து ஒழுங்காக வேலை பார்த்த ஒரு பெண்ணை மிஷினிலிருந்து எழுப்பி விட்டீர்கள்.

அதற்கு வழி செய்து கொடுத்தவன் நான். அதையும் சேர்த்தே எழுதுகிறேன்.

எனக்கு மனநோய் வந்ததும், மாத்திரை சாப்பிட்டுத் தேறியதும் இந்தப் பக்கத்தை வாராவாரம் படிப்பவர்களுக்குத் தெரியும். என்னைப் போன்ற சிலர் ஞாயிற்றுக்கிழமை நல்லூரில் கூடிப் பேசுவோம். உபதேசம் கிடையாது. தூங்கினாயா, மாத்திரை போட்டாயா, வீட்டில் யார் திட்டினார்கள் – இவ்வளவுதான் பேச்சு. அங்கே வருபவர் மாரியம்மாள். தென்காசிப் பக்கம். பனியன் கம்பெனியில் ஓவர்லாக் டெய்லர்; துணி ஓரம் பிரியாமல் தைக்கும் மிஷின் அது. நோய் வந்து மூன்று மாதம் ஊரில் இருந்துவிட்டுத் திரும்பினார். கம்பெனியில் சொன்ன காரணம், மஞ்சள் காமாலை.

போன மாதம் அதே கம்பெனியில் மனநலக் கூட்டம். பேச என்னைக் கூப்பிட்டார்கள். என் கதையைச் சொன்னேன். கை தட்டினார்கள். கை தட்டினால் நான் சும்மா இருப்பேனா?

"என்னை விடுங்க... உங்க லைன்லயே ஒருத்தர் இதுல இருந்து மீண்டு வந்து, இன்னைக்கு ஜம்முனு மிஷின் ஓட்டுறாங்க!" என்றேன்.

பெயர் சொல்லவில்லையே! அதுதான் என் புத்திசாலித்தனம்.

லைன் என்றால் என்ன? ஒருவர் தைத்து அடுத்தவருக்குத் தள்ள வேண்டும். ஒரு ஆள் வராவிட்டால் அந்த மிஷின் பக்கத்தில் பண்டல் குவியும். எந்த மிஷினுக்கு மூன்று மாதம் ஆள் மாற்றி மாற்றிப் போட்டார்கள் என்பது அந்த லைனில் யாருக்குத்தான் மறக்கும்? நாற்பது தலைகள் ஒரே பக்கம் திரும்பின. மாரியம்மாள் குனிந்து, சேலையில் ஒட்டியிருந்த நூலைப் பிய்த்துக்கொண்டிருந்தார்.

மறுநாள் அவருக்கு மிஷின் இல்லை. தைத்த துணியில் தொங்கும் நூல்பிசிரை வெட்டும் டேபிளில் நிற்க வைத்துவிட்டார்கள். மேனேஜரைப் போய்ப் பார்த்தேன்.

"ஏனுங்க, நான் வேலைய விட்டா நிறுத்திப்போட்டேன்? ஊசி, மோட்டாரு... ஏதாச்சும் ஆயிப்போச்சுன்னா நானில்லீங்க பதில் சொல்லோணும்? சேஃப்டிக்குத்தாங்க."

"பிசிர் வெட்டக் கையில கத்தரி குடுத்திருக்கீங்களே, அது சேஃப்டிங்களா?"

அவர் மேஜையிலிருந்த ரிஜிஸ்டரைப் புரட்டினார். நான் விடவில்லை.

"கூட்டத்துல நீங்களும்தானுங்க கை தட்டுனீங்க?"

"அது நல்ல பேச்சுங்க. தட்டாம இருக்க முடியுமுங்களா?"

ஞாயிற்றுக்கிழமை மாரியம்மாளிடம் மன்னிப்புக் கேட்டேன்.

"மன்னிப்ப வச்சு நான் என்னண்ணே செய்ய? மிஷின்ல உக்காந்தாத்தான் மனசு ஒரு எடத்துல நிக்கும். அது போச்சு. காமாலைன்னு பொய் சொன்னப்ப இளநி வாங்கிட்டு வந்தாளுவ. நீங்க நெசத்தச் சொன்னீய... இப்ப பக்கத்துல உக்காந்து சாப்பிடவே யோசிக்காளுவ."

வெளியே சொன்னால் வெட்கம் போகும் என்று ஊர் ஊராகப் பேசுகிறோம். சரிதான். ஆனால் யாருடைய கதையை, யார் சொல்வது? என் கதையை நான் சொல்லலாம். அவருடைய கதையை எடுத்து எனக்குக் கைதட்டல் வாங்கிக்கொண்டேன். நல்ல எண்ணம்தான் என்று சாக்குச் சொல்ல எனக்கு வாய் வரவில்லை.

இந்த முறை கேட்டுவிட்டுத்தான் எழுதுகிறேன். பெயரை மாற்றச் சொன்னார், மாற்றிவிட்டேன். எழுதியதைப் படித்துக் காட்டினேன். என்ன நோய் என்று இருந்த வரியை அடிக்கச் சொன்னார், அடித்துவிட்டேன்.

"மேனேஜர மட்டும் விடாதீய. எல்லார் முன்னாடியும் கேளுங்க. இனி மறைக்க என்ன கெடக்கு?" என்றார்.

கேட்கிறேன் சார். திரும்பி வந்த பிறகு அவர் தைத்ததில் ஒரு பீஸாவது உங்கள் செக்கிங்கில் ரிஜெக்ட் ஆனதா? அவர் மறுபடி ஓவர்லாக்கில் உட்கார எது தடை? ரூமுக்குக் கூப்பிட்டு என் காதில் சொல்ல வேண்டாம். லைன் முழுக்கக் கேட்க, அந்தப் பெண்ணின் முகத்தைப் பார்த்துச் சொல்லுங்கள்.