கேம் ஓடாது என்றேன்

1. கம்ப்யூட்டர் படித்தவள் என்று, தன் மகளுக்கு லப்டொப் தெரிவுசெய்ய சித்தி என்னையும் அவளையும் வெள்ளவத்தையில் ஒரு கடைக்குக் கூட்டிப்போனார்.
2. பாடங்களுக்கும் சின்னக் கேம்களுக்கும் பொருந்தும் மலிவான ஒன்றைக் காட்டினேன்.
3. “இதில கேம் ஓடுமோ, பிள்ளை?” என்றார் சித்தி.
4. ஓடுமென்றால் வாங்கமாட்டாரென்ற பயத்தில் சித்தியின் மகள், என் தங்கச்சி, என் கையைக் கிள்ளினாள். “ஓடாது சித்தி” என்றேன்.

“அப்ப வேண்டாம். கட்டாரில இருந்து இவளின்ர அப்பா சேர்ந்து விளையாடவெல்லோ கேட்டவர்.” சித்தி கடைக்காரரிடம் திரும்பினார். “கேம் ஓடுறதாக் காட்டுங்கோ, அண்ணை.”

அவர் எடுத்துவைத்தது மெதுவான பழைய மொடல். சித்தி கைப்பையைத் திறந்தார். தங்கச்சி என்னையே பார்த்தாள். எனக்கு வேறு வழியிருக்கவில்லை.

“முதல் காட்டினதிலயும் ஓடும், சித்தி. பொய் சொல்லிட்டன்.”

“இதுக்கோடி உன்னைப் படிப்பிச்சது?”

நான் முதலில் காட்டியதைத்தான் வாங்கினோம். தகப்பனும் மகளும் பின்னேரங்களில் கார்ப்பந்தயம் விளையாடுகிறார்கள். சித்தியோ, சார்ஜர் வாங்குவதென்றாலும், நான் சொன்ன பிறகு கடைக்காரரிடமும் கேட்டுவிட்டுத்தான் வாங்குகிறார்.