கிளியம்மாள் சுருட்டை விட்ட வருஷம்

"எத்தனை வருஷமா புகை பிடிக்கிறீங்க?" என்று டாக்டர் சுப்பனைப் பார்த்துத்தான் கேட்டார். பக்கத்து ஸ்டூலில் முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு உட்கார்ந்திருந்த அவன் பெண்டாட்டி கிளியம்மாள்தான் சொன்னாள்.

"அவுரு கையாலகூட தொடமாட்டாருங்க. நான்தான். பல்லு வலின்னு ஆரம்பிச்சேன், இருவது வருஷம் ஆவுது."

டாக்டர் நிமிர்ந்து பார்த்தார். அந்தப் பார்வைக்கு அவளால் முகம் கொடுக்க முடியவில்லை.

அது 1991, தை மாதம். அவளுடைய மேல் அண்ணத்தில் ஆறாமல் கிடந்த புண்ணிலிருந்து சதை எடுத்துப் பார்த்துவிட்டுப் புற்று என்று சொல்லியிருந்தார்கள். ஆரம்பம்தான், குணப்படுத்தலாம், ஆனால் சுருட்டை இன்றோடு விட்டாக வேண்டும் என்றார் டாக்டர். விடாவிட்டால் காஞ்சிபுரத்துக்கு பஸ் ஏறி வருவதே வீண் என்றார்.

கிளியம்மாள் பென்னலூரில் நடவுக்கு ஆள் கூட்டிப் போகிறவள். அவள் குரல் கேட்டால் பன்னிரண்டு பெண்கள் சேற்றில் இறங்குவார்கள். அவள் வரப்பேறிச் சுருட்டைப் பற்றவைத்தால் எல்லோருக்கும் ஓய்வு. அப்படிப்பட்டவள் ஊரில் ஒருவரிடமும் நோயின் பெயரைச் சொல்லவில்லை. "பல்லுக்குக் கரண்டு வெக்கிறாங்க" என்று மட்டும் சொல்லிவைத்தாள். மகள் மஞ்சுளாவை வாலாஜாபாத்திலிருந்து வந்து பார்த்துவிட்டுப் போயிருந்தார்கள். புத்து என்று காதில் விழுந்தால் மறுபடி வாசல் மிதிப்பார்களா?

கதிர்வீச்சு சிகிச்சையாக முப்பது நாள் கரண்டு வைத்தார்கள். வாயெல்லாம் வெந்து போயிற்று. ஆறின கஞ்சியைத் தவிர எதுவும் இறங்கவில்லை. நாக்குக்கு உப்பும் தெரியவில்லை, புளிப்பும் தெரியவில்லை. அதையெல்லாம் தாங்கிக்கொண்டாள். சுருட்டு இல்லாததைத்தான் தாங்க முடியவில்லை. காரணமே இல்லாமல் மஞ்சுளாவை அடித்தாள். சோற்றுக் குண்டானைத் தூக்கி வீசினாள். சுப்பனோ நிழல் மாதிரி பின்னாலேயே திரிந்தான்.

"ஒண்ணுக்குப் போறேன்யா! அதுக்குமா கூடவே வருவே?"

"போய்ட்டு வா. இங்கதான் நின்னுகினு இருப்பேன்."

அப்படியே மூன்று மாதத்துக்கு மேல் ஓட்டிவிட்டாள். வைகாசி பிறந்ததும் மறுபரிசோதனைக்குப் போனபோது, பழைய புண்ணுக்குப் பக்கத்தில் வெள்ளையாக ஏதோ படர்ந்திருப்பதை டாக்டர் பார்த்தார். மறுபடியும் துளி சதை எடுத்தார். அடுத்த புதன்கிழமை வரச் சொன்னார். வரும் வழியெல்லாம் புத்து திரும்பிவிட்டது என்றே நினைத்துக்கொண்டு வந்தாள்.

மறுநாள் மத்தியானம் ரத்தினத்தின் பெட்டிக்கடை முன்னால் போய் நின்றாள்.

"ஒரே ஒரு சுருட்டு குடு ரத்தினம்."

ரத்தினம் பெட்டியைத் தொடவில்லை. கடையில் சோடா குடித்துக்கொண்டிருந்த இரண்டு பேரையும் அவளையும் மாறி மாறிப் பார்த்தான். "குடுக்காதேன்னு சுப்பன் அண்ணன் நேத்தே வந்து சொல்லிட்டாருக்கா. உனக்கு வாயில புத்தாமே. என் கையால எப்பிடிக்கா குடுக்கறது?"

சோடாப் பாட்டில்கள் இரண்டும் அப்படியே நின்றன. கிளியம்மாள் திரும்பிப் பார்க்காமல் நடந்தாள்.

அடுத்த நாள் வயலில் தண்ணீருக்குக் கை நீட்டியபோது, கூட நடவு செய்யும் லீலா சொம்பைப் பின்னுக்கு இழுத்துக்கொண்டாள். "கைய குவிக்கா. நான் ஊத்தறேன்" என்றாள். பத்து வருஷம் ஒரே சொம்பில் குடித்தவள். கிளியம்மாள் குடிக்காமலே வீட்டுக்கு வந்தாள்.

"ஊர் பூரா தமுக்கடிச்சிட்டியே! என் பொண்ணு கல்யாணத்துல மண்ணப் போட்டுட்டியே!"

சுப்பன் முதல் தடவையாகக் கத்தினான். "நீ செத்துட்டா அந்தக் கல்யாணத்த யாருடி நடத்தறது? நானா?"

அதன் பிறகு அவள் அவனோடு பேசுவதை நிறுத்திவிட்டாள்.

புதன்கிழமை விடிந்தபோது பஸ் இல்லை. முந்தின இரவு ஸ்ரீபெரும்புதூரில் குண்டு வெடித்திருந்தது. கடைகள் மூடிக் கிடந்தன. ரோட்டில் போலீஸ் ஜீப்பைத் தவிர வேறு வண்டி ஓடவில்லை. ஊரே நடுங்கிப் போயிருந்தது. கிளியம்மாளுக்கோ காஞ்சிபுரத்தில் யாரோ எழுதி வைத்திருக்கும் ஒரு துண்டுக் காகிதமே நினைவாக இருந்தது. வியாழக்கிழமையும் பஸ் வரவில்லை.

அன்று சாயங்காலம் கூரைக்குள் கையை விட்டு, தை மாதத்தில் ஒளித்து வைத்த ஒரு சுருட்டை உருவினாள். வாசலில் உட்கார்ந்திருந்த சுப்பன் பார்த்துவிட்டான். அவன் எழுந்திருக்கவில்லை.

"இனிமே உன் பின்னால வரமாட்டேன் கிளி. நான் இன்னா போலீஸ்காரனா?" என்றான்.

அடுப்பில் பற்றவைத்தாள். ஒரு இழுப்பு. இன்னொன்று. புண்ணில் மிளகாய் அரைத்துப் பூசின மாதிரி எரிந்தது. எரிச்சலை அவள் பொறுத்திருப்பாள். அப்போது வந்த ஒரு நினைப்பைத்தான் பொறுக்க முடியவில்லை. அந்தக் காகிதத்தில் நல்ல சேதி இருந்து, இந்த இரண்டு இழுப்பிலேயே அதைக் கெடுத்துக்கொண்டால்? சுருட்டைச் சாம்பலில் குத்தி, காலால் தேய்த்து, தூளாகும்வரை தேய்த்தாள்.

வெள்ளிக்கிழமை காலையில் சுப்பன் சைக்கிளை எடுத்தான். அவள் பின்னால் உட்கார்ந்தாள். இரண்டு இடத்தில் போலீஸ் நிறுத்தியது. இரண்டு இடத்திலும் ஆஸ்பத்திரிச் சீட்டை நீட்டினாள். சுங்குவார்சத்திரம் தாண்டியதும் ஒரு காய்கறி டெம்போக்காரர் சைக்கிளோடு ஏற்றிக்கொண்டார்.

டாக்டர் காகிதத்தைப் படித்து முடிக்கும்வரை அவள் ஸ்டூலின் விளிம்பை இறுக்கிப் பிடித்திருந்தாள்.

"கெட்டது எதுவும் இல்லைம்மா. கரண்டு வெச்ச சூட்டுல வந்த புண்ணுதான்."

சுப்பன் சுவரில் சாய்ந்துவிட்டான். கிளியம்மாள் அழவில்லை. "டாக்டரய்யா, நேத்து ரெண்டு இழுப்பு இழுத்துட்டேன்" என்றாள்.

டாக்டர் காகிதத்தை மடித்து அவள் கையில் கொடுத்தார். "மூணாவது வேணாம்" என்றார்.

மூணாவது இல்லை. வாலாஜாபாத்துக்காரர்கள் பிறகு வரவே இல்லை. இரண்டு வருஷம் கழித்து, எல்லா விஷயமும் தெரிந்தே வல்லக்கோட்டையிலிருந்து வந்து மஞ்சுளாவைக் கட்டிக்கொண்டு போனார்கள். கரண்டு வைத்ததில் இறுகிப் போன தாடையை இளக்குவதற்கு, ஐஸ் குச்சிகளை அடுக்கிப் பல்லிடுக்கில் வைத்து வாயைத் திறந்து பழகச் சொல்லியிருந்தார்கள். முதலில் ஒன்பது குச்சி நுழைந்தது, முதல் வருஷக் கடைசியில் பதினாலு. மிளகாயைக் குறைத்தாள். கேழ்வரகுக் கூழும் முருங்கைக் கீரையும் பழகிக்கொண்டாள். லீலா ஒருநாள் கீரைக்கட்டோடு வந்து வாசலில் நின்றாள். கிளியம்மாள் வாங்கிக்கொண்டாள், ஆனால் உள்ளே வா என்று கூப்பிட ஒரு வாரம் ஆயிற்று.

வயல்களைக் கம்பெனிக்காரர்கள் வாங்கிய பிறகு ஒரு கேன்டீனில் பாத்திரம் கழுவப் போனாள். ஷிப்ட் இடைவேளையில் பின்பக்கம் சிகரெட் புகை கிளம்பினால் மட்டும், கழுவுகிற பாத்திரத்தை எடுத்துக்கொண்டு முன்பக்கக் குழாய்க்கு வந்துவிடுவாள்.